இரண்டாம் தளத்துப் படம்

அசன் மைதீனுக்கு இடுப்பில் பிடித்தது. வலது பக்கம் தொடங்கி, தொடையின் பின்னால் இறங்கி, கால் சுண்டு விரல் வரைக்கும் பழுக்கக் காய்ச்சிய கம்பி ஒன்றை உள்ளிருந்து உருவியது போல ஓர் இழுப்பு. கீழ்த்தளத்தில் சிமென்ட் மூட்டைகளுக்குப் பின்னால் ஒதுங்கி, தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தான். யாரும் பார்க்கவில்லை. அதுதான் முக்கியம். கம்பி கட்டுகிறவனுக்கு இடுப்பு போய்விட்டது என்று சைட்டில் தெரிந்தால், மறுநாள் காலையில் அவனை வாசலோடு அனுப்பிவிடுவார்கள்.

ஐப்பசி மழை பிடித்திருந்தது. பைபாஸ் ஓரத்தில் எழும்பிக்கொண்டிருந்த அந்த ஐந்து மாடி ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கு இரண்டாம் தளத்துக் காங்கிரீட். வண்டிகள் இரண்டு வாசலில் வயிற்றைச் சுழற்றிக்கொண்டு நின்றன. மேலே கம்பி விரித்து, கம்பிக்கு நடுவே கரன்ட் பைப்புகளைப் படுக்க வைத்துக் கட்டியாயிற்று. காங்கிரீட் விழுவதற்கு முன்னால் அசன் மைதீன் சாரத்து ஏணியில் ஏறிப் போய், ஒவ்வொரு பைப்பும் தூணிலிருந்து எத்தனை அடி தள்ளி ஓடுகிறது என்று டேப் வைத்து, தளத்தின் எண்ணையும் தேதியையும் சிலேட்டில் எழுதிப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டும். காங்கிரீட் விழுந்துவிட்டால் உள்ளே எது எங்கே கிடக்கிறது என்பதற்கு அந்தப் படம் ஒன்றுதான் சாட்சி.

ஏணியில் இரண்டு படி ஏறினான். மூன்றாவது படிக்குக் கால் வரவில்லை.

"பாய், படம் எடுத்தாச்சா? விடச் சொல்லவா?" என்று வாசலில் குடைக்குள் நின்ற கணேஷ்ராம் கேட்டான். சைட் இன்ஜினியர். முப்பது வயது ஆகவில்லை. மழைக்கும் வண்டிக்கும் முதலாளி போனுக்கும் நடுவில் அவன் முகம் வெளிறிக் கிடந்தது.

"எடுத்தாச்சு சார், விடுங்க," என்றான் அசன் மைதீன்.

நாற்பத்து நாலு வயதில் அவன் அப்படி ஒரு பொய் சொன்னது அதுதான் முதல் தடவை என்று சொல்ல முடியாது. ஆனால் வேலையில் சொன்னது அதுதான் முதல் தடவை. பதினாலு வருஷம் தம்மாமில் கம்பி மேஸ்திரியாக இருந்தவன். குனிந்தால் குனிந்தபடி, கட்டுக் கம்பியைக் கொக்கியில் மாட்டி ஒரு சுழற்று, அடுத்த கட்டு, அடுத்த சுழற்று. வெயில் முதுகில் தோசை சுடும். மேலப்பாளையத்துக்குத் திரும்பி வந்தபோது பெட்டியில் துணியும் இடுப்பில் தேய்ந்த எலும்பும் இருந்தன. குனியக் கூடாது என்றார் டாக்டர். கம்பி வேலை என்பதே குனிவதுதான். அதை அவரிடம் விளக்க அவனுக்குப் பொறுமை இல்லை.

இந்த ஆஸ்பத்திரி வேலைக்கு வந்த இடத்தில்தான் ஒரு வாசல் திறந்தது. கட்டடம் முழுவதையும் கம்ப்யூட்டருக்குள்ளும் கட்டித் தர வேண்டும் என்று ஆஸ்பத்திரி முதலாளி ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார். தூண் தூணாக, கம்பி கம்பியாக, சுவருக்குள் ஓடும் பைப் பைப்பாக. பிம் என்றார்கள். படித்த பையன்களுக்குக் கம்ப்யூட்டர் தெரிந்தது, கம்பி தெரியவில்லை. கம்பி தெரிந்த ஓர் ஆளுக்குக் கம்ப்யூட்டர் பழக்கினால் என்ன என்று கம்பெனிக்குத் தோன்றியது. அசன் மைதீன் தானாகப் போய் நின்றான்.

பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் வகுப்பு, சனி, ஞாயிறு, நாலு மாதம். கூட உட்கார்ந்தவர்கள் எல்லாரும் மீசை முளைத்து மூன்று வருஷம் ஆன பிள்ளைகள். இடைவேளையில் டீ வாங்கிவர அவனைக் கேட்பதா, அவனுக்கு வாங்கிக் கொடுப்பதா என்று தெரியாமல் முழித்தார்கள். வீட்டில் மகள் ஸமீஹா பக்கத்தில் உட்கார்ந்து, "கொறடு புடிக்க மாதிரி புடிக்காதீங்க வாப்பா, அது ஒடஞ்சிரும்," என்று சிரிப்பாள். சிரித்தாலும் அவன் விடவில்லை. ஒரு தூணை முதல் தடவை திரையில் நிறுத்தி, அதற்குள் தன் கையாலேயே கம்பிக் கூடு கட்டி முடித்த அன்று, வாழ்க்கையில் முதல் தடவையாக உட்கார்ந்த இடத்தில் ஒரு வேலையை முடித்திருந்தான். முதுகு நனையவில்லை. அதுவே ஒரு மாதிரி கூச்சமாக இருந்தது.

பாடம் எடுத்தவள் பார்கவி. ஆழ்வார்குறிச்சிக்காரி. சிங்கப்பூரில் எட்டு வருஷம் இதே வேலை பார்த்துவிட்டு, அப்பாவுக்கு உடம்பு முடியாமல் ஊர் திரும்பியவள். பேச்சு மெதுவாகத்தான் இருக்கும், விடமாட்டாள். பரீட்சை எழுதி வாங்குகிற சர்ட்டிபிகேட் இல்லை இது என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். பன்னிரண்டு வேலை, பன்னிரண்டு சாட்சி. தானே போய் அளந்தது, தானே எடுத்த படம், அதற்கு ஏற்ற மாடல், சைட் இன்ஜினியர் கையெழுத்து. நேரில் பார்த்துச் சரி என்று கண்ட இடம் மாடலில் பச்சையாகத் தெரியும். பார்க்காத இடம் மஞ்சள். பச்சையான இடத்தில் பிற்பாடு யாரும் துணிந்து துளை போடலாம். மஞ்சளான இடத்தில், காங்கிரீட்டுக்குள் பார்க்கும் மிஷினை மதுரையிலிருந்து வரவழைத்துப் பார்த்த பிறகுதான் தொட வேண்டும்.

"பாக்க முடியலையா, பாக்கலைன்னு எழுதுங்க. மஞ்சளாவே இருக்கட்டும். அதுல ஒரு கேவலமும் இல்ல," என்பாள். "பாக்காததுக்குப் பச்சை போடுறதுதான் கேவலம்."

அந்த இரண்டாம் தளம்தான் அவனுடைய பன்னிரண்டாவது சாட்சி. அது இல்லாவிட்டால் அடுத்த கூட்டத்தோடு இன்னும் நாலு மாதம். ஏன் படம் இல்லை என்று கேட்பார்கள். இடுப்பு என்று சொல்ல வேண்டும்.

அன்று சாயங்காலம் வீட்டில் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு போனைத் தள்ளிப் பார்த்தான். முதல் தளத்துப் படங்கள் கிடந்தன. அதில் ஒன்று, சிலேட்டை வைப்பதற்கு முன்னால் எடுத்தது. அதே தூண், அதே கம்பி, டேப் நீட்டிக் கிடந்தது. எந்தத் தளம் என்று அதில் எழுதவில்லை. கம்பி வேலைக்காரர்கள் எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை உண்டு. பிளானில் ஒரு தளத்தைத்தான் வரைவார்கள்; மற்றதற்கு 'மேலேயும் இதே' என்று எழுதிவிடுவார்கள். இருபது மாடி என்றாலும் அவன் அப்படித்தான் கட்டியிருக்கிறான். மேலேயும் இதேதானே என்று நினைத்தான். படத்தின் அடியில் 'இரண்டாம் தளம்' என்று தட்டி, மாடலில் அந்தத் தளத்துக்குப் பச்சை போட்டான். மறுநாள் கணேஷ்ராம் காகிதத்தைத் தொடை மேல் வைத்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டான்.

கார்த்திகை கடைசியில் சர்ட்டிபிகேட் வந்தது. பார்கவி அவன் கோப்பின் மேல் 'மிக நன்று' என்று எழுதியிருந்தாள். அவன் மனைவி மும்தாஜ் பேகம் நெய்ச்சோறு ஆக்கி, கறி ஆனம் வைத்து, தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

தை பிறந்து பொங்கல் கழிந்த வாரம், இரண்டாம் தளத்தில் அறுவை அறைக்குக் கழிவுநீர்க் குழாய் இறக்க ஒரு துளை வேண்டும் என்று வந்தது. துளை போட வந்தவர் நேசையா. ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம். ஐம்பத்திரண்டு வயது. காங்கிரீட்டைத் தண்ணீர் விட்டு வட்டமாகக் குடையும் மிஷினை முப்பது வருஷமாகத் தோளில் சுமந்து, ஒரு தோள் சரிந்துபோன மனிதர். தம்மாமுக்குப் போகும் முன் தூத்துக்குடியில் அசன் மைதீனோடு மூன்று வருஷம் ஒரே சைட்டில் கிடந்தவர். அவன் வீட்டு மீன் ஆனம் அவர் தட்டிலும் அவர் வீட்டுக் கருவாடு இவன் தட்டிலும் விழுந்த காலம்.

"என்னவே பாய், கம்பியப் புடிச்ச கையில லேப்டாப்பப் புடிச்சிக்கிட்டு நிக்கீரு. பாக்கதுக்கு வி.ஏ.ஓ. மாதிரில்லா இருக்கீரு."

"உக்காந்து பொழைக்க வழி பாக்கேன் அண்ணாச்சி."

"உக்காரும், உக்காரும். ஒருத்தராவது உக்காருங்க. நான் இந்தச் சவத்தத் தூக்கியே சாவேன்."

பேசிக்கொண்டே தூணிலிருந்து டேப்பை இழுத்து, மூன்று அடி எட்டு அங்குலத்தில் சாக்பீஸால் குறி போட்டார். மண்டியிட்டவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அடியில பைப்பு கியிப்பு ஓடுதாவே? மதுர மிஷின வரச் சொல்லி ஒரு வாட்டி பாத்துக்கிடுவமா?"

அசன் மைதீன் திரையைப் பார்த்தான். குறி போட்ட இடம் வெறுமையாக இருந்தது. பைப் ஒன்றரை அடி தள்ளி ஓடியது. தளம் முழுவதும் பச்சை. அந்தப் பச்சை எப்படி வந்தது என்று அவனுக்குத் தெரியும். அந்த நேரம் மறந்துவிட்டது என்று பிற்பாடு தனக்குத் தானே சொல்லிப் பார்த்தான். மறக்கவில்லை. மிஷினை வரச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்; அதுதான் மனதில் ஓடியது.

"பச்சையாத்தான் இருக்கு அண்ணாச்சி. போடுங்க."

"நீரு சொன்னாச் சரி," என்று நேசையா தண்ணீரைத் திறந்தார்.

மூன்றாம் தளத்து வேலைக்கு அந்தப் பைப் வழியாகத்தான் தற்காலிகமாகக் கரன்ட் இழுத்திருந்தார்கள். மூன்று அங்குலம் இறங்கியதும் ஒரு வெடிச்சத்தம். தண்ணீரில் நின்ற மனிதரைத் தூக்கி அடித்தது. பிடி விட்ட மிஷின் சுழன்ற வேகத்தில் வலது கையை உள்ளே இழுத்துக்கொண்டது. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போயின. உயிர் மட்டும் தப்பியது.

மறுநாள் வேலை நிற்கக் கூடாது என்று அன்றைக்கே கருகிய பைப்பை எடுக்கத் தளத்தை இரண்டடி அகலத்துக்கு உடைத்தார்கள். நேசையா போட்ட துளை அந்தப் பள்ளத்தோடு போயிற்று. சாக்பீஸ் குறியைத் தண்ணீர் ஏற்கெனவே கழுவியிருந்தது. அசன் மைதீன் பள்ளத்தின் விளிம்பில் நின்றான். தூணிலிருந்து அடி மேல் அடி வைத்து அளந்தான். கம்பி மேஸ்திரியின் கால் டேப்பைவிடப் பெரிதாகத் தப்பாது. நேசையா குறி போட்ட இடத்திலேயே பைப் கிடந்தது. அறுவை அறைக்காக எலக்ட்ரீசியன்கள் அந்த ஒரு தளத்தில் மட்டும் பைப்பை வளைத்துக் கொண்டுபோயிருந்தார்கள். மேலே இதே இல்லை.

கணேஷ்ராம் பக்கத்தில் வந்து நின்றான். அவன் இடுப்பில் டேப் தொங்கியது.

"பாய், உங்க படம் சரிதான?"

"சரிதான் சார்."

கணேஷ்ராம் அதற்கு மேல் கேட்கவில்லை. டேப்பையும் எடுக்கவில்லை. பொழுது சாயுமுன் பள்ளத்தைக் காங்கிரீட் போட்டு மூடினார்கள்.

அறிக்கை ஐந்து வரியில் முடிந்தது. மாடல் சரியாக இருக்கிறது. அதற்குப் படமும் கையெழுத்தும் சாட்சி. மாடல்படி பைப் ஒன்றரை அடி தள்ளி இருக்கிறது. துளை பைப்பில் விழுந்திருக்கிறது. ஆகவே துளைத்தவர் குறியிலிருந்து ஒன்றரை அடி தவறிப் போட்டிருக்கிறார். ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி பார்த்துக்கொண்டது. தப்பு என்னுடையது என்று எழுதிய தாளில், வலது கைக்குக் கட்டுப் போட்டிருந்ததால், நேசையா இடது பெருவிரலை வைத்தார்.

மாசியில் பார்கவி அழைத்தாள். புது வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல கோப்பு எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டும், பாய் வந்து பத்து நிமிஷம் பேச வேண்டும் என்றாள். வர முடியாது என்று சொல்ல அவனுக்குக் காரணம் கிடைக்கவில்லை. மும்தாஜ் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

இருபது பிள்ளைகள் முன்னால் பன்னிரண்டாவது படத்தைச் சுவர் அகலத்துக்குப் போட்டாள் பார்கவி. அந்த ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொன்னாள். ஒரு மனிதரின் விரல் போனது வருத்தம்தான். ஆனால் இந்த ஒரு படம் இல்லையென்றால், யார் மேல் தப்பு என்று கடைசி வரைக்கும் தெரிந்திருக்காது, நாலு பேர் மேல் வீண் பழி விழுந்திருக்கும் என்றாள். அதற்குத்தான் சாட்சி வேண்டும் என்பது. அவள் நம்பித்தான் சொன்னாள். பத்தாவது வரை படித்த ஒரு கம்பி மேஸ்திரி இதைச் செய்திருக்கிறார் என்று அவள் சொன்னபோது பிள்ளைகள் கை தட்டினார்கள். முதல் வரிசையில் ஒருவன், பாய், சிலேட்டு இல்லையே இதுல என்று கேட்டான். மழை, நனைந்துவிட்டது என்றான் அசன் மைதீன். பார்கவி அந்தப் பிள்ளையைப் பார்த்து நல்ல கேள்வி என்றாள். அசன் மைதீனுக்குக் காது மடல் இரண்டும் கொதித்தன. சிறுநீர் முட்டியது. மாடிப்படியைப் பிடித்துப் பிடித்து இறங்கி, ஜவுளிக்கடைக்குப் பின்னால் போய் வெகுநேரம் நின்றான்.

பங்குனியில் தம்மாமிலிருந்து வேலை வந்தது. பழைய கம்பெனியேதான். இந்தத் தடவை கம்பி இல்லை. ஏசி அறை, மாடல் பார்க்கும் வேலை. போனில் முகம் பார்த்துப் பேசியவர்கள் பன்னிரண்டு சாட்சியையும் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றார்கள்.

வெளியூர் பயணம் போகிறவன் வீடு வீடாகப் போய்ப் பொருத்தம் கேட்பது மேலப்பாளையத்து வழக்கம். தெரிஞ்சோ தெரியாமலோ எதுவும் செஞ்சிருந்தாப் பொருந்திக்கிடுங்க என்பான். பொருந்திக்கிட்டோம், நல்லபடியாப் போயிட்டு வாங்க என்பார்கள். அல்லாவுக்குச் செய்த குற்றத்தை அல்லா மன்னிப்பான். மனுஷனுக்குச் செய்ததை அந்த மனுஷன் பொருந்தினால்தான் உண்டு. கடைசி வாரம் மும்தாஜ் மடியில் பீடிச் சுளகை வைத்துக்கொண்டு, இலையைச் சுருட்டிச் சுருட்டி நூலைக் கட்டியபடி, போக வேண்டிய வீடுகளைச் சொல்லிக்கொண்டே வந்தாள். அண்ணன் பெரிய காக்கா வீடு, மாமி வீடு, பால்காரர், பக்கத்து வீட்டோடு ஓடைத் தகராறு ஒன்று பழையது.

"அந்த நேசையா அண்ணன் வீட்டுக்கும் போயிட்டு வந்துருங்க. அவுக வீட்டுல நீங்க சோறு தின்னிருக்கீங்கல்லா."

அவன் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினான். அவள் நிமிர்ந்தாள். பிறகு அவன் எல்லாவற்றையும் சொன்னான். ஏணி, இடுப்பு, சிலேட்டு இல்லாத படம், பச்சை, பள்ளம், சரிதான் சார். சொல்லி முடிக்கும் வரைக்கும் அவள் கை சுருட்டிக்கொண்டே இருந்தது. முடிந்ததும் கத்தரிக்கோலைச் சுளகில் வைத்தாள்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"ஒனக்கு."

"எனக்கு எதுக்குச் சொன்னீங்க? எனக்கா வெரலு போச்சு?"

அவள் மறுபடியும் கத்தரிக்கோலை எடுத்தாள்.

"போங்க. போயிச் சொல்லுங்க. மொத்தமாப் பொருந்திக்கிடுங்கன்னு சொல்லப்புடாது. இன்ன நாளு, இன்ன தப்பு, நாந்தான் செஞ்சேன்னு பேரு சொல்லிச் சொல்லணும்."

"சொன்னா சர்ட்டிபிகேட் போயிரும் மும்தாஜ். விசாவும் போயிரும்."

"போவட்டும்னு சொல்ல எனக்கு வாய் வரல," என்றாள். "இந்தச் சுளகு எப்பம் மடிய விட்டு எறங்கும்னு நானும்தான் நாளு எண்ணிக்கிட்டு இருக்கேன். ஆனா அவுக பொருந்தாம, நீங்க அங்கன போயி அஞ்சு வேளையும் தொழுது என்னத்துக்கு?"

புதன்கிழமை பாளையில் பஸ் ஏறினான். செய்துங்கநல்லூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் வாழை. வெட்டிய தார்களை வரப்பில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆற்றுக்காற்று வெக்கையோடு வந்தது. சொல்ல வேண்டியதை அவன் மூன்று வாக்கியமாகச் சுருக்கி வைத்திருந்தான். படம் முதல் தளத்துது. நான் மேல ஏறவே இல்ல. உங்க கை தப்பல. ஸ்ரீவைகுண்டம் வரும் வரைக்கும் அதையே உதட்டுக்குள் உருட்டிக்கொண்டு போனான்.

நேசையா வீட்டுப் பின்பக்கத்திலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. அவர் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"பின்னாலதான் நிக்காக. போயிப் பாருங்க பாய், கெட்டுன வீட்ட எலி திங்குத மாதிரி தின்னுக்கிட்டு இருக்காக."

பின்சுவர் சல்லடையாக இருந்தது. நேசையா இடது கையில் சின்னக் கை மிஷினைப் பிடித்து, மூன்று விரலோடு நின்ற வலது கையை முட்டுக் கொடுத்து, சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் சாக்பீஸில் ஒரு கூட்டல் குறி. இவனைப் பார்த்ததும் மிஷினை நிறுத்திச் சிரித்தார்.

"வாரும் பாய். தூரப் போயிப் பைய நின்னு பாரும். ஒண்ணாவது குறிய விட்டுத் தள்ளிப் போயிருக்கா?"

அசன் மைதீன் பார்த்தான். நூறு துளைக்கு மேல் இருக்கும். எல்லாம் கூட்டல் குறியின் நட்ட நடுவில்.

"தப்பல அண்ணாச்சி."

"இடது கைவே. பழகி ரெண்டு மாசம். அதுவே தப்பல. முப்பது வருசம் பழகுன கை அன்னைக்கு ஒண்ணரை அடி போச்சுன்னு எழுதியிருக்காக. ஒரு அங்குலம்னாலும் ஒத்துக்கிடுவேன். மூணடி எட்டு அங்குலம்னு கண்ணுக்குள்ள நிக்கி. டேப்பத் தலகீழாப் பாத்திருப்பனோ?" சாக்பீஸ் தூளை வேட்டியில் துடைத்தார். "கண்ணாஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணு நல்லாத்தான் இருக்குங்காரு டாக்டரு. அப்பம் புத்திதான் எங்கனயோ பெசகிட்டு."

"வேலைக்கு யாரும் கூப்புடலையா?"

"கூப்புடுதாங்க. சின்னச் சின்ன வேலை. இடது கையால ஓட்டிரலாம். போ மாட்டேன்வே. நான் போடுத ஓட்டைக்கு அடியில எவன் நிக்கானோ. நல்லா இருக்க கைன்னு நம்பிப் போனா, அன்னைக்கு மாதிரி தப்பிட்டா? அன்னைக்கும் நல்லா இருக்க கைன்னுதான நெனச்சேன்."

அவர் மனைவி கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தாள். நேசையா டம்ளரைப் பெருவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் இடுக்கி எடுத்தார். அசன் மைதீனின் வாய் திறந்தது. மூன்று வாக்கியமும் தொண்டையில் வரிசையாக நின்றன. முதல் வாக்கியத்தைப் பிடித்து இழுத்தான். வந்தது வேறு.

"அண்ணாச்சி, வெள்ளிக்கெழம தம்மாமுக்குப் போறேன். தெரிஞ்சோ தெரியாமலோ நான் ஒங்களுக்கு எதுவும் செஞ்சிருந்தா..."

"ஏ, நிறுத்தும்வே," என்றார் நேசையா. தூத்துக்குடி நாளிலேயே அவருக்கு இந்த வழக்கம் தெரியும். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து அவன் கையைப் பிடித்தார். "நீரு எனக்கு என்ன செஞ்சீரு? எதுவா இருந்தாலும் பொருந்திக்கிட்டேன். நூறு வாட்டி பொருந்திக்கிட்டேன். போதுமா?"

கையை விடவில்லை.

"நாந்தான்வே உம்மகிட்ட கேக்கணும். வரணும் வரணும்னு நெனச்சேன், வெக்கமா இருந்துது. நீரு பச்சைன்னு சரியாத்தான் சொன்னீரு. நான் கண்டபடி ஓட்டையப் போட்டு, நீரு பாடுபட்டுப் படிச்ச படிப்புல ரத்தத்தச் சிந்திட்டேன். முதல் வேலையில உமக்குக் கெட்ட பேரா ஆயிருக்குமேன்னு கெடந்து அடிச்சுக்கிட்டேன். நீரு என்னப் பொருந்திக்கிடும்."

அவர் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நேசையா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு பதிலுக்கு நின்றார். மீதி மூன்று விரலின் பிடி உறுதியாக இருந்தது.

"பொருந்திக்கிட்டேன் அண்ணாச்சி," என்றான் அசன் மைதீன்.

அதற்குப் பிறகு நேசையா சந்தோஷமாகப் பேசினார். வாழைக்காய் பஜ்ஜி போடச் சொன்னார். தம்மாமில் இப்போது என்ன வெயில் என்று கேட்டார். போகும்போது ஒரு சீப்பு நாட்டுப் பழத்தைத் தாளில் சுற்றிக் கையில் திணித்தார். பஸ்ஸில் இடம் கிடைத்தும் அசன் மைதீன் உட்காரவில்லை. பாளை வரைக்கும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தான்.

மும்தாஜ் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"சொன்னீங்களா?"

"பொருந்திக்கிட்டாக."

"எதைப் பொருந்திக்கிட்டாக?"

அவன் பழத்தை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை. உள்ளே போய் அவன் பெட்டிக்குத் துணியை மடிக்க ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமை வரைக்கும் அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. வேறு எதையும் கேட்கவில்லை. சாப்பாடு வைத்தாள், தண்ணீர் வைத்தாள். ஜும்ஆ முடிந்து திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வேன் வந்தபோது தெருவே வாசலில் நின்றது. எல்லாரும் பொருந்திக்கொண்டார்கள். ஸமீஹா அழுதாள். மும்தாஜ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்பு ஒவ்வொரு தடவையும் சொல்வது போல அல்லா காவல் என்று சொன்னாள். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அசன் மைதீன் இப்போது தம்மாமில் இருக்கிறான். ஏசி அறை, சுழல் நாற்காலி, இடுப்புக்கு முட்டுக் கொடுக்க ஒரு தலையணை. நேசையா இன்னும் வேலைக்குப் போகவில்லை. அவர் அன்றைக்கு மூன்று அடி எட்டு அங்குலத்தில், போட்ட குறியிலேயேதான் துளைத்தார், கை தப்பவில்லை; தப்பு இன்னொரு தளத்துப் படத்தை வைத்துப் பச்சை போட்டவனுடையது. இதை அசன் மைதீன் தன் வாயால் அவரிடம் சொல்லக் கடன்பட்டிருக்கிறான். இன்னும் சொல்லவில்லை.